மெழுகில் முக்குமுன்

தாம்பெரே. பிப்ரவரி. மைனஸ் பத்தொன்பது.
பழைய பஞ்சாலையின் மூன்றாம் மாடியில்
புத்தம்புது நிக்கல் மூடிகளுக்கு
வயது ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.
ஊறுகாய் டப்பாவின் அடியில் வினிகர்,
மேலே வலை, வலையில் மூடி.
ஓர் இரவுக்குப் பத்து வருடம்.
மூன்றாம் இரவும் விட்டுவிட்டால்
பழசு என்று யாரும் சொல்லமாட்டார்கள்,
துரு என்பார்கள்.

முகப்பில் வைரக்கட்டமாக வெட்டிய தகடு,
வெட்டின் வழியே எட்டிப்பார்க்கும் தங்கத்தாள்.
அறுபதுகளின் ரேடியோப் பெட்டி
குட்டி போட்டதுபோல இருக்கும்.
இதற்குத்தான் கிராக்கி.

கிட்டார் பிக்கப்பைக் காது என்பார்கள் கடைக்காரர்கள்.
காது இல்லை.
அருகில் நின்று கத்திப் பாருங்கள், சட்டையே செய்யாது.
மேலே எஃகுத் தந்தி ஒரு நூலிழை நடுங்கட்டும்,
உள்ளே காந்தம் புரண்டு படுக்கும்,
செம்பு அதைப் போய்ச் சொல்லிவிடும்.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே,
ஊதும்போது சங்கைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தால்
அவனுக்கும் தெரிந்திருக்கும்.
எனக்குத் தெரியும்.
ஏழு வயதிலிருந்து இரண்டு காதுக்குப் பின்னாலும் கருவி.

அதற்குள்ளும் ஒரு செப்புச் சுருள் உண்டு,
கொத்தமல்லி விதை அளவில்.
விசையை டி-யில் தள்ளினால்
மனிதக் குரல்கள் போய்விடும், மின்சாரம் வரும்:
ட்யூப்லைட்டின் ரீங்காரம்,
சுற்று இயந்திரத்தின் முனகல்,
லிஃப்ட் கிளம்பும்போது ஒரு செருமல்.
எதிர் மேசை ஹெய்மோ ஐஸ் ஹாக்கி பேச ஆரம்பித்தால்
நான் டி-க்குப் போய்விடுவேன்.

இன்று கெமியிலிருந்து ஒரு பார்சல்.
தைஸ்தோ நூர்மெலா, ஏரிக்கரை நடனமேடைகளில்
டாங்கோ வாசிப்பவர்.
'அந்தக் காலத்தில் மெழுகு ஊற்றவில்லை,
எனக்கும் வேண்டாம்' என்று
கோடையில் அடிக்கோடிட்டு எழுதியவர்.
இப்போது எழுதுகிறார்:
'நான் வாய்க்குள் தாளம் எண்ணுவது
ஸ்பீக்கரில் வருகிறது.
ஆடுகிறவர்கள் சிரிக்கிறார்கள்.
சரிசெய்யவும்.'

திறந்தேன்.
தலைமுடியைவிட மெல்லிய கம்பி,
ஐயாயிரத்து இருநூறு சுற்று, என் விரல் வழியே போனது.
நாலாயிரத்துக்குப் பக்கத்தில் எங்கோ
பிடி தளர்ந்திருக்கிறது.
அங்கே சில சுற்றுகள்
தாமாகவே நடுங்கப் பழகிவிட்டன.
பதிவேட்டில் தேதி இருக்கிறது: ஜூன் ஒன்பது.
அன்று எனக்கு என்ன ஆயிற்று?
எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை.
மழை பெய்திருக்கலாம்.

ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன்.
விசையை டி-யில் வைத்தேன்.
ஸ்பீக்கரின் காந்தத்தோடு கன்னம் ஒட்ட உட்கார்ந்து
மடியிலிருந்த பிக்கப்பிடம் சொன்னேன்:
துய்ரே.

சுருளிலிருந்து சுருளுக்கு வந்தது.
அறையின் எதிரொலி இல்லை, ஹெய்மோ இல்லை,
ஜன்னலுக்கு வெளியே தம்மெர்கொஸ்கியின் இரைச்சல் இல்லை.
என் பெயருக்கு நடுவே ஒரு 'ர்' இருக்கிறது.
நாக்குக்கு அது முப்பத்தெட்டு வருடமாகத் தெரியும்.
காதுக்கு இன்றுதான்.
இன்னொரு தரம் சொன்னேன்.
பிறகு, கூச்சமாக இருந்ததால்,
அவரைப்போல எண்ணினேன்:
யுக்ஸி, காக்ஸி, கோல்மே, நெல்யா.

பில் எழுதினேன். பழுது ஒன்று, பதினெட்டு யூரோ.
அவர் காசு கொடுத்துக் கேட்பது
நான் இப்போது கேட்டதன் எதிர்ப்பதம்.
வேறொன்றைச் சுற்றி அனுப்பிவிட்டு
இதை வைத்துக்கொள்ளலாமா என்று
ஒரு நிமிடம் நின்றேன், இல்லை, இரண்டு நிமிடம்.

மெழுகு அறுபத்தைந்து டிகிரியில் தெளிந்திருந்தது.
முக்கினேன்.
சுற்றுகளுக்கு இடையே ஜூனில் அகப்பட்ட காற்று
குமிழ் குமிழாக மேலே வந்தது,
முதலில் கொத்தாக, பிறகு ஒன்று,
நெடுநேரம் கழித்து இன்னொன்று.

ஹெய்மோ தோளைத் தட்டி ஏதோ கேட்டான்.
உதட்டைப் பார்த்தேன். காப்பியா என்கிறான்.
தலையாட்டினேன்.
விசை இன்னும் டி-யிலேயே இருந்தது.